முத்திரைக்கு இடமில்லாத பாஸ்போர்ட்

எங்கள் கப்பலில் வேலை பார்ப்பவர்களின் பாஸ்போர்ட் காலாவதி ஆகும்வரை பிழைத்திருப்பதில்லை. அதற்கு முன்பே பக்கம் தீர்ந்துவிடும். வியன்னாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு டான்யூப் ஆற்றில் கீழே இறங்குகிறோம், கருங்கடல் பக்கம்வரை போய்விட்டு மறுபடி ஏறுகிறோம். வழியில் எத்தனை நாடோ பாஸ்போர்ட்டில் அத்தனை முத்திரைக் குத்து. கரையிலேயே இறங்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவளுக்கும் குத்துதான்.

ஹங்கேரி எல்லையான மொஹாச்சில் காவலர்கள் கப்பலில் ஏறும்போது நான் ஆப்பிள் கேக் தட்டோடு நிற்பேன். அன்பினால் அல்ல. கேக்கைத் தின்கிற கை கொஞ்சம் சின்னதாக, ஓரமாக, பழைய முத்திரைமேல் பாதி ஏறினாற்போலக் குத்தும். வெற்றுப் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். சில காவலர்கள் சிரித்துக்கொண்டே ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு நட்டநடுவில் குத்துவார்கள். அவர்களுக்கு அடுத்த தடவை கேக் கிடையாது.

வெலிமிருக்கு அப்படி ஒருவன் நட்டநடுவில் குத்திவிட்டான். வெலிமிர் கப்பலின் மதுபாரைக் கவனிக்கும் எங்கள் பார்க்காரன். முப்பத்தைந்து வயது, நல்ல உயரம், யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத வாய். எங்கள் செர்பியாவில் கோலுபாட்ஸ் கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். நான் நோவி சாத்காரி, சமையலறை என் கையில். ஒரே நாட்டுக்காரர்கள் என்பதால் அவனுக்கு நான் டேசா அக்கா, எனக்கு அவன் திட்டுவதற்கு ஓர் ஆள்.

கப்பல் ஊழியர்களின் பாஸ்போர்ட்டுகளை எங்கள் மேலாளர் ஹெல்கா என்ற ஆஸ்திரியாக்காரி பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள். அவள் ஒருநாள் வெலிமிரைக் கூப்பிட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள். கடைசி ஒரு பக்கம்தான் பாக்கி. ஊருக்குப் போய் மாற்ற விடுமுறை கிடையாது, வியன்னாவில் உங்கள் தூதரகத்தில் மனுக் கொடு, இல்லாவிட்டால் கடைசிப் பயணத்துக்கு வேறு ஆள் பார்ப்பேன் என்றாள். அவனும் கப்பல் வியன்னாவில் நின்றபோது போய்ப் படம் எடுத்து, விரல்ரேகை வைத்துவிட்டு வந்தான். புதியது பெல்கிரேடில் அச்சாகி வர வேண்டும்.

அக்டோபர் தொடக்கத்தில் கப்பல் மறுபடி வியன்னாவில் நின்றது. காலையில் போனவன் மதியத்துக்குள் திரும்பிவிட்டான். சட்டைப் பையிலிருந்து புதுப் பாஸ்போர்ட்டை எடுத்து என் மூக்கின்கீழ் நீட்டினான், வாசம் பார்க்கச் சொன்னான். பழையதையும் இனிச் செல்லாது என்று ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மனிதன் சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைத்து அவனுக்கு இரண்டு கரண்டி சூப் அதிகம் ஊற்றினேன்.

சூப்பைக் குடித்துவிட்டு உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய்த் தன் அப்பாவுக்குப் போன் போட்டான்.

"இன்னும் வரலப்பா. எப்ப வரும்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நவம்பர் ஆயிடும் போல. இல்ல, பழையதையும் அவங்களே வாங்கி வச்சுக்கிட்டாங்க. அது இல்லாம பஸ்லகூட ஏத்த மாட்டாங்க. கப்பல் என்னை விட்டுட்டுப் போயிடும். இங்கயே ஒரு சிநேகிதன் ரூம்ல தங்கிக்கறேன். ஆமாப்பா, லூக்கா நாளுக்கு வர முடியாது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பாஸ்போர்ட்டின் விளிம்பு அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

லூக்கா புனிதர் நாள் அக்டோபர் கடைசியில் வருகிறது. அவர்கள் வீட்டு ஸ்லாவா அன்றுதான். எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாளில் வீட்டில் பெரிய மெழுகுவர்த்தி ஏற்றி, தேன் கலந்த கோதுமை வைத்து, புனித ரொட்டியைச் சிலுவையாகக் கீறி, வீட்டுக்காரனும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றிப் பிட்பார்கள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவன் தானாக வருவான், வராவிட்டால்தான் கோபம். காலையிலிருந்து கடைசி விருந்தாளி போகும்வரை வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. நின்றுகொண்டே பரிமாற வேண்டும்.

அவன் அப்பா ஜிவோயினுக்கு இனி நிற்க முடியாது. வாழ்நாளெல்லாம் ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவை விளக்குகளைப் பராமரித்த மனிதர். நனைந்து நனைந்து இரண்டு முழங்காலும் போய்விட்டது. மனைவியும் இல்லை. இந்த வருடம் நீ நில்லுடா, ரொட்டியை உன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று கோடையிலேயே மகனிடம் சொல்லிவிட்டார். பெல்கிரேடு துறைக்குத் தானே வந்து அழைத்துப் போவதாகவும் ஏற்பாடு. ஹெல்காகூட இரண்டு நாள் விடுப்புக்குத் தலையாட்டியிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஏண்டா இப்படி என்று கேட்டேன். மென்று முழுங்கினான். பிறகு உண்மையைக் கக்கினான். புடாபெஸ்டில் இல்திகோ என்று ஒரு முடிதிருத்தும் பெண். கப்பலோடும் பருவம் முடிந்ததும் அவளோடு போய் இருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

"அந்த ரொட்டிய அப்பாவோட சேந்து ஒரு தடவை பிடிச்சிட்டேன்னா முடிஞ்சுதுக்கா. ஸ்லாவாவ அப்பாகிட்டேருந்து வாங்கினவன் வீட்டையும் வாங்கினவன். அப்புறம் அந்தக் கரைய விட்டு எப்படிப் போறது?"

"இதை அவர்கிட்டயே சொல்லித் தொலையேன்."

"வாங்க மாட்டேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லணுமா? உங்கப்பான்னா நீ சொல்லுவியா?"

என் அப்பா செத்துப் பதினேழு வருடமாகிறது, அதனால் நான் தப்பித்தேன். உன் அப்பா என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன். "சரிடா, பேப்பர் வேலைன்னா அப்படித்தான்" என்றாராம். கேள்வியே கேட்கவில்லையாம். அதுதான் அவனை அரித்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். அந்த நாட்களில் கப்பல் ஆற்றில் மேல்பக்கம்தான் போய்வந்தது, அவன் வீட்டைக் கடக்கவில்லை. பாரில் உடைந்த கண்ணாடிக் கோப்பைகளைக் கணக்குப் பார்த்து ஹெல்கா கத்தினாள். கேட்காமலேயே எனக்கு மூட்டை தூக்கிக் கொடுத்தான். யார் போன் அடித்தாலும் தன் பையைத் தொட்டுப் பார்த்தான். புதுப் பாஸ்போர்ட்டை ஹெல்காவின் பெட்டியில் போடும்போதுகூட அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டான்.

கடைசிப் பயணத்துக்கு வியன்னாவில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது எனக்கே போன் வந்தது. ஜிவோயின். கோடையில் பெல்கிரேடு துறைக்கு என் சமையலுக்கென்று மிளகாயும் பிளம் பழமும் கொண்டுவந்து கொடுப்பார், அப்படி என் எண் அவரிடம் இருந்தது.

"பயல நீ பாத்தியாம்மா?"

பயல் எனக்கு நேர் எதிரே நின்று பீன்ஸ் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். யார் என்று புரிந்ததும் கரண்டி வாயிலேயே நின்றுவிட்டது. கையெடுத்துக் கும்பிடாத குறையாக என்னைப் பார்த்தான்.

"பாத்தேன். நல்லா இருக்கான். சாப்பிடறான்" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் என் முகம் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தது. கிழவர் வியன்னாவில் குளிர் எப்படி, கம்பளித் தொப்பி தேவைப்படுமா என்று கேட்டார். மகனுக்கு யாரிடமோ கொடுத்தனுப்பப் போகிறார் என்று நினைத்து, காலையில் குளிரும், தொப்பி நல்லதுதான் என்றேன். நன்றி சொல்லி வைத்தார். அதன்பின் அன்று முழுக்க வெலிமிரோடு நான் பேசவில்லை. அவன்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை, நூற்றைம்பது பேருக்கு இரவுச் சாப்பாடு.

கப்பல் இறங்கியது. மொஹாச்சில் காவலர் அவனுடைய புதுப் புத்தகத்தைத் திறந்து, "அட, கன்னிப்பொண்ணு" என்று சிரித்துவிட்டு முதல் பக்கத்தில் தாராளமாகக் குத்தினார். பெல்கிரேடில் எல்லாரும் கரை இறங்கியபோது வெலிமிர் மட்டும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. சொந்த நாட்டில் கள்ளத்தோணியில் வந்தவனைப்போல் ஒளிந்துகொண்டிருந்தான்.

லூக்கா நாள் காலையில் கப்பல் கோலுபாட்ஸை நெருங்கியது. அங்கே ஏரிபோல் விரிந்து கிடக்கும் ஆறு கோட்டைக்குப் பக்கத்தில் சட்டென்று குறுகிப் பாறைகளுக்கு நடுவே நுழையும். பயணிகள் எல்லாரும் படமெடுக்க மேல்தளத்துக்கு ஏறுவார்கள். பார்க்காரன் அவர்களுக்குச் சூடான ஒயின் ஊற்ற வேண்டும். எங்கள் கேப்டன் த்ரையன் ருமேனியாக்காரர், அந்த இடத்தில் கப்பலின் சங்கை நீளமாக ஊதுவது அவர் பழக்கம். ஒரு தடவை ஊதினால் பாறைகள் அதை வாங்கி மூன்று தடவை திருப்பிச் சொல்லும். கோட்டைக்குச் சற்று முன்னால் ஆற்றோரமாக நீலச் சாளரக்கதவுகளோடு ஒரு வீடு. ஒவ்வொரு பயணத்திலும் சங்கு கேட்டதும் ஜிவோயின் படகுத்துறைக்கு வந்து தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். மகனும் ஒரு வெள்ளைத் துவாலையை ஆட்டுவான். பயணிகளும் கூடச் சேர்ந்து கையாட்டுவார்கள், யாருக்கென்று தெரியாமல்.

இந்தத் தடவை ஒயின் ஊற்ற என்னை அனுப்பப் பார்த்தான். தலைவலி, வயிற்றுவலி என்று இருக்கிற வலியையெல்லாம் சொன்னான். நான் மறுத்துவிட்டேன். அப்பாவுக்கு முகம் தெரியாமலிருக்கக் குளிர்த்தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே போனான். ஐந்து நிமிடம் பொறுக்க முடியாமல் நானும் ஏறினேன்.

அவன் ஒயின் பானைக்குப் பின்னால் குனிந்து நின்று, கண்ணை மட்டும் கரைக்கு அனுப்பியிருந்தான். வீடு தெரிந்தது. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, சாளரம் மூடியிருக்கு."

நானும் பார்த்தேன். நீலக் கதவுகள் எல்லாமே சாத்தியிருந்தன. புகைபோக்கியில் புகையில்லை. ஸ்லாவா நாளில் அந்த நேரத்துக்கு முற்றத்தில் பத்துப் பேராவது நிற்க வேண்டும், வண்டிகள் நிற்க வேண்டும். ஒரு நாய்கூட இல்லை. படகுத்துறையில் படகு கவிழ்த்துக் கிடந்தது.

"செத்துக்கித்துப் போயிட்டாரா?" என்றான். "யாராவது எனக்குச் சொல்லியிருப்பாங்கல்ல?"

யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள்? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. பக்கத்து வீட்டு ரூஷாவைக் கூப்பிட்டு என் வீடு ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டால், வியன்னாவில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்பாள். அந்த நேரத்திலும் அவன் அதைத்தான் யோசித்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அப்போது அவனை அறைந்திருப்பேன், கையில் ஒயின் கரண்டி இருந்தது.

"உங்கப்பாவுக்கே போடு. இப்பவே போடு" என்றேன்.

போட்டான். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார். வெலிமிர் பானை மேசையைப் பிடித்துக்கொண்டான். கிழவர் போனில் எப்போதுமே கத்தித்தான் பேசுவார், ஆற்றுக்காரர். எனக்கும் முழுக்கக் கேட்டது.

"நானே உனக்குப் போடணும்னு இருந்தேன், நீ முந்திக்கிட்ட."

"எங்கப்பா இருக்கீங்க?"

"நீ இருக்கற ஊர்லதான்டா. காலையில பஸ் வந்து இறக்கிவிட்டுச்சு. தூதரகம் எங்கன்னு கேட்டுக் கேட்டு வந்துட்டேன், உன் விலாசம்னு எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. வாசல்லதான் நிக்கறேன்."

கிழவர் பேசிக்கொண்டே போனார். நீ வர முடியாது என்று சொன்ன மறுநாளே நகரத்துக்குப் போய்த் தனக்கொரு பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாராம். எழுபத்திரண்டு வயதில் முதல் பாஸ்போர்ட். தினமும் எதிர்க்கரை ருமேனியாவைப் பார்த்துக்கொண்டு, இங்கிருந்தே தெரிகிறதே, போய் வேறு பார்க்க வேண்டுமா என்று காலம் தள்ளிய மனிதர். எல்லையில் ஹங்கேரிக்காரப் பையன் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எந்தப் பக்கத்தில் குத்த என்று கேட்டானாம். உனக்கு எங்கே பிடிக்குதோ அங்கே குத்துப்பா, எனக்கு நிறைய இடம் இருக்கு என்றாராம். அதைச் சொல்லிச் சிரித்தார்.

"ரொட்டி கொண்டுவந்திருக்கேன். ரூஷாதான் சுட்டா, வெள்ளைத் துணில கட்டிக் குடுத்தா. கோதுமையும் இருக்கு, மெழுகுவர்த்தியும் இருக்கு. பஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இந்த வருஷம் ஸ்லாவா வியன்னாவுலன்னு. ஏண்டா முன்னாடியே சொல்லலன்னு கேக்காத. ஸ்லாவாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா? வந்துட வேண்டியதுதான். வந்துட்டேன்."

பயணிகளில் ஒரு பெண்மணி கோப்பையை நீட்டினாள். நான் வாங்கி ஊற்றிக் கொடுத்தேன். பாதி கீழே சிந்தியது. கம்பளித் தொப்பி யாருக்கு என்று இப்போது எனக்குத் தெரிந்தது.

"உள்ள இருக்கற பொண்ணு நல்ல பொண்ணுடா" என்றார் கிழவர். "ரொட்டியைக் காட்டினதும் அவளே தேடிப் பாத்தா. உன்னோடது வந்துடுச்சாம், நீயே வந்து வாங்கிட்டுப் போயிட்டியாம். நல்லதாப் போச்சு. எனக்குச் சொல்ல மறந்திருப்ப. இப்ப எந்தத் தெருவுல இருக்க, சொல்லு. மெதுவா நடந்து வந்துடறேன்."

அந்த இடத்திலாவது அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வான் என்றுதான் நான் நினைத்தேன். அவனுடைய நாக்குக்குப் பழகின தடம் வேறு.

"இங்கதாம்பா, நீங்க அங்கயே இருங்க, நான் இங்க ஒரு..." என்று தொடங்கினான்.

கேப்டன் த்ரையன் சங்கை ஊதினார்.

நீளமாக, எப்போதும்போல. தளம் அதிர்ந்தது. பயணிகள் கைதட்டினார்கள். பாறைகள் அதை வாங்கி ஒரு தடவை சொன்னன, இரண்டாம் தடவை சொன்னன, மூன்றாம் தடவை மெல்ல இழுத்து முடித்தன. அந்தப் பாறைகளின் கீழே நாற்பது வருடம் விளக்குத் துடைத்த மனிதர் போனின் மறுமுனையில் இருந்தார்.

வெலிமிர் போனைக் கையால் மூடவுமில்லை. மூடி என்ன பயன்?

போனில் ஏதோ டிராம் போகும் சத்தம் கேட்டது. பிறகு கிழவர் பேசியபோது முதல் முறையாகக் கத்தாமல் பேசினார், நான் காதை நெருக்கி வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"சாவி ரூஷாகிட்ட இருக்குடா" என்றார்.

"அப்பா..."

"கப்பல் அங்க நிக்காது. எனக்குத் தெரியும். சும்மா சொன்னேன், எப்பவாவது வந்தா." மூச்சு வாங்கினார். "இங்க நம்ம கோயில் ஒண்ணு இருக்காம், அந்தப் பொண்ணு வழி சொன்னா. ரொட்டியைக் கொண்டுபோய்ப் பாதிரியார்கிட்ட குடுக்கறேன். இன்னொரு பக்கம் பிடிக்க அவர் இருப்பாரு. ராத்திரி பஸ்ல திரும்பிடுவேன். நீ வேலையப் பாரு, ஆளுங்க நிக்கறாங்க போல."

வைத்துவிட்டார். வெலிமிர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. வீடு அதற்குள் பின்னால் போய்விட்டது. கோட்டையும் போயிற்று. கப்பல் பாறைகளுக்கு நடுவே நுழைந்தது. போன் சிக்னலும் போனது.

அவனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. நல்லா இருக்கான், சாப்பிடறான் என்று சொன்ன வாய் இது.

அவன் அழுதுகொண்டே ஒயின் ஊற்றினான். காற்று என்று பயணிகள் நினைத்துக்கொண்டார்கள். பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பரிமாறினான், அது அவன் வேலை இல்லை. சாயங்காலம் பார், அதன்பின் மறுபடி பார். யாராவது கோப்பையைக் கீழே வைத்தால் உடனே போய் நிரப்பினான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பொழுது சாயும்போது ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவனுக்குப் பின்னால் போட்டு, கொஞ்சம் உட்காருடா, கால் வீங்கிப் போகும் என்றேன்.

அவன் நாற்காலியைப் பார்த்தான். கண்ணாடி வழியாகக் கருத்துக் கிடந்த ஆற்றைப் பார்த்தான்.

"வேணாங்க்கா" என்றான். "அவர் அங்க நின்னுக்கிட்டிருப்பாரு."